நூலா, நாடாவா

பொறியியல் துறையின் கீழ்த்தளத்தில் இருந்த இழுவை இயந்திரம் அதுவரை இரும்புக் கம்பி, கப்பல் கயிறு, சிமென்ட் மூட்டையின் கைப்பிடி போன்றவற்றை மட்டுமே இழுத்துப் பார்த்திருந்தது. அதன் பொறுப்பாளரான எஞ்சினியர் மேடம் அதைத் தன் மூத்த பிள்ளை என்று சொல்லிக்கொள்வார். அந்தப் பிள்ளையின் வாயில் இரண்டு இளம் எலும்பு டாக்டர்கள் மாட்டுக்காலின் தசைநாணைக் கொண்டுவந்து திணித்தபோது, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். போகும்போது துடைத்துவிட்டுப் போக வேண்டும். துடைத்த இடத்தை அவர் முகர்ந்து பார்ப்பார்.

இரண்டு டாக்டர்களும் எலும்பு அறுவை சிகிச்சையில் கடைசி வருடப் பயிற்சியில் இருந்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் இருவரில் பெண்ணுக்கு மின்னல் என்றும் ஆணுக்கு ஆமை என்றும் பெயர் வைத்திருந்தார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. மின்னல் ஒரு காயத்தைத் தைத்து முடித்துக் கையுறையைக் கழற்றும்போது, ஆமை மூன்றாவது தையலைப் போட்டுவிட்டு, அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பான். இருவரும் நல்ல சிநேகிதர்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எலியும் பூனையும்.

அந்த விஷயம் நூல்.

முட்டியின் ஜவ்வு கிழிந்துபோனால், தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு தசைநாணை உருவி எடுத்து, எலும்பில் துளை போட்டு, அதற்குள் அந்த நாணை இழுத்து வைத்துப் புது ஜவ்வாக ஆக்குவார்கள். நாண் வழுக்கும். எனவே அதன் முனையில் நூலால் சுற்றிச் சுற்றித் தைத்து ஒரு பிடி உண்டாக்கிக்கொள்ள வேண்டும். எலும்பு அந்த நாணை ஏற்றுக்கொண்டு தானே பற்றிக்கொள்ளும்வரை மாதக்கணக்கில் பாரம் முழுவதும் அந்தத் தையலின் தலையில்தான். தையல் கொஞ்சம் நெகிழ்ந்தால் முட்டியும் நெகிழும். படி இறங்கும்போது கால் தன் பாட்டுக்கு ஒரு பக்கம் போகும்.

இதற்கு இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, அவர்கள் துறையின் தலைவரான பெரிய டாக்டர் காலங்காலமாகப் பயன்படுத்தி வந்த பின்னல் நூல். உருண்டையாக, தடிமனாக, முடிச்சுப் போட்டால் முரண்டு பிடிக்காமல் உட்காரும். இன்னொன்று, புதிதாக வந்த தட்டை நாடா. அகலமாக இருப்பதால் நாணை அறுக்காது என்பது அதன் பெருமை. ஆமை பின்னல் நூல் கட்சி. மின்னல் நாடாக் கட்சி. இரண்டுமே பல ஊர்களில் தினமும் பயன்பாட்டில் இருந்தவை, இரண்டாலும் யாரும் கெட்டுப்போனதில்லை. அதனாலேயே சண்டை தீராமல் இருந்தது.

சண்டை ஆராய்ச்சியாக மாறியதற்குக் காரணம் மின்னலின் அக்கா.

அக்கா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பிள்ளைகளுக்கு எம்பிக் குதித்து இறங்குவதைச் சொல்லிக்கொடுக்கப் போய், மைதானத்தின் நடுவில் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டாள். "எப்படி இறங்கணும்னு காட்டப் போனேன். எப்படி இறங்கக் கூடாதுன்னு காட்டிட்டு வந்துட்டேன்" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சிரித்தாளே தவிர, மறுபடி மைதானத்தில் ஓட முடியுமா என்ற கேள்வியைத் தங்கையிடம் மட்டும், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டாள். முடியும் என்று மின்னல் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல், உன் நாணை நானே தைப்பேன், வேறு யாரையும் தொட விடமாட்டேன் என்றும் வாக்குக் கொடுத்தாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தைக்கும்போது என் தொடையைப் பற்றி அங்கே யாரும் கிண்டல் பண்ணக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

பெரிய டாக்டர் முதலில் தயங்கினார். சொந்தக்காரர்களைச் சொந்தக்காரர்கள் தொடுவது அவருக்குப் பிடிக்காது. முட்டிப் பக்கமே திரும்பாமல், ஓரத்து மேசையில் நாணை மட்டும் தயார் பண்ணிக் கொடுப்பதாக இருந்தால் சரி என்று கடைசியில் இறங்கி வந்தார். நாடாவைப் பயன்படுத்தலாமா என்று மின்னல் அடுத்த அடியை எடுத்து வைத்தபோதுதான் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நீங்கள் இருவரும் வராந்தாவில் போடும் சண்டை என் அறைவரை கேட்கிறது, வாயால் இழுத்தது போதும், இயந்திரத்தில் இழுத்துப் பாருங்கள், எது ஜெயிக்கிறதோ அதையே உன் அக்காவுக்கு வைக்கிறேன் என்றார்.

ஆமை கசாப்புக் கடைக்குப் போய் மாட்டுக்கால் நாண்களை மட்டும் தனியாக வெட்டித் தரச் சொன்னான். கடைக்காரர், எத்தனை நாய் வளர்க்கிறீர்கள் டாக்டர் என்று அக்கறையாக விசாரித்தார். நாண்களை உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். அளவு பார்த்து, தடிமன் பார்த்து, இரண்டு பங்காகப் பிரித்தார்கள். யார் எதைத் தைப்பது என்ற பேச்சு வந்தபோது இருவருக்கும் ஒரு நொடிகூட யோசிக்கத் தேவைப்படவில்லை. பழக்கமில்லாத கையில் கொடுத்தால் அது அந்த நூலுக்குச் செய்யும் அநியாயம். நாடாவை மின்னல் தைக்கட்டும், பின்னல் நூலை ஆமை தைக்கட்டும், இரண்டுக்கும் அதன் மிகச் சிறந்த கை கிடைக்கட்டும். இதைவிட நியாயம் வேறென்ன? பெரிய டாக்டரிடம் சொன்னபோது அவரும் தலையாட்டினார். மூன்று பேரும் அறுவை டாக்டர்கள். கத்தியைக் கொடுக்கும்போது, யாருக்கு எது கைவந்ததோ அதைக் கொடுத்தே பழகியவர்கள்.

வெள்ளிக்கிழமை முழுவதும் இயந்திரம் இழுத்தது. மனிதன் நடப்பது போல இழுத்து விட்டு, இழுத்து விட்டு, நூற்றுக்கணக்கான தடவை. கடைசியில் அறுகிறவரை ஒரே இழுப்பு. எஞ்சினியர் மேடம் ஒரு கையில் கைக்குட்டையை மூக்கில் அழுத்தியபடி, இன்னொரு கையால் பொத்தானைத் தட்டினார். திரையில் கோடுகள் ஏறின. அறுவதில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நெகிழ்வதில் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தது. ஆமை தைத்த பின்னல் நூல் அசையாமல் நின்றது. மின்னலின் நாடா ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போனது.

சாயங்காலம் ஆமை எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். ஜெயித்ததாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் டீயோடு பிஸ்கட்டும் வாங்கியிருந்தான். அவன் சுபாவத்துக்கு அது மேளம் கொட்டுவதற்குச் சமம்.

மின்னல் வீட்டுக்கு வந்தபோது அக்கா சோபாவில் காலை நீட்டி, முட்டியில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு, வலதுகைக்கு எட்டும் தூரத்தில் வீட்டையே கொண்டுவந்து வைத்திருந்தாள். டிவி ரிமோட், தண்ணீர், சீப்பு, பிள்ளைகளை அழைக்கும் விசில். விசில் அம்மாவை அடுப்படியிலிருந்து வரவழைப்பதற்கு. அம்மா இரண்டு நாளாக விசிலுக்கு வருவதை நிறுத்தியிருந்தாள்.

மின்னல் செருப்பைக் கழற்றிய விதத்திலேயே அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"என்னடி, மூஞ்சி இப்படித் தொங்குது. உன் ரிப்பன் தோத்துடுச்சா?"

"ரிப்பன் இல்ல. நாடா."

"ஏதோ ஒண்ணு. தோத்துடுச்சுதானே? போனா போகுது. நூல் எதுவா இருந்தா எனக்கென்ன, தைக்கப்போறது நீ. அது போதும்." அக்கா ஐஸ் பையைப் புரட்டி வைத்தாள். "சரி, அந்த மாட்டுக்காலையெல்லாம் நீயேதான் தைச்சியா?"

"நாடாவை நான் தைச்சேன். நூலை ஆமை தை…"

வாக்கியம் பாதியில் நின்றது. மின்னல் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் வாயாலேயே சொன்னதைத் தன் காதாலேயே கேட்டபிறகுதான் அது மண்டையில் ஏறியது. நூலும் வேறு, தைத்த கையும் வேறு. இயந்திரம் இழுத்துப் பார்த்தது எதை, நூலையா, கையையா?

"ஏண்டி, தொண்டையில முள்ளு மாட்டுன மாதிரி முழிக்கிற?"

"அக்கா, நாங்க மூணு பேரும் முட்டாளுங்க."

"அதை என்கிட்ட கேட்டிருந்தா முன்னாடியே சொல்லியிருப்பேனே" என்றாள் அக்கா.

மின்னலுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நாடா இன்னும் தோற்கவில்லை. வழக்கு முடியவே இல்லை. ஆமைக்குப் போன் போட்டு மூச்சுவிடாமல் விளக்கினாள். ஆமை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வாங்கிக் கொடுத்த பிஸ்கட்டைத் திருப்பித் தருவாயா என்று மட்டும் கேட்டான். பிறகு, ஞாயிற்றுக்கிழமை மறுபடி செய்யலாம், இந்தத் தடவை நூலை மாற்றிக்கொள்ளலாம் என்று அவனே சொன்னான். ஆபரேஷன் வியாழக்கிழமை. அதற்குமேல் தள்ள முடியாது. எஞ்சினியர் மேடத்தை விடுமுறை நாளில் வரவழைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. உங்கள் மருத்துவமனையில் ஓர் ஆளுக்கு இரண்டு கை இருப்பது யாருக்கும் தெரியாதா, ஒரே ஆள் இரண்டையும் தைத்திருக்கலாமே என்று போனிலேயே வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுத்தான் வர ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மேசையின் ஒரு பக்கம் மின்னலும் எதிர்ப்பக்கம் ஆமையும் உட்கார்ந்தார்கள். இப்போது பின்னல் நூல் அவள் கையில், நாடா அவன் கையில். அவள் எப்போதும்போலத் தைத்தாள். ஊசி நுழைந்து வெளியேறி, சுற்றி, நுழைந்து வெளியேறி, எல்லாச் சுற்றும் முடிந்தபின் கடைசியில் ஒரே இழுப்பு. பார்க்க அழகாக இருந்தது. அவள் எல்லாவற்றையும் முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்தபோது ஆமை இரண்டாவது நாணில்தான் இருந்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஊசியைக் கீழே வைத்தான், நாடாவை இழுத்து இறுக்கினான், தலையைச் சாய்த்துப் பார்த்தான், பிறகுதான் ஊசியை எடுத்தான். எஞ்சினியர் மேடம், நான் வீட்டுக்குப் போய்த் துணி துவைத்துவிட்டு வரட்டுமா என்று கேட்டார்.

முதலில் ஆமை தைத்த நாடாவை மாட்டினார்கள். இயந்திரம் இழுத்தது, விட்டது, இழுத்தது. கோடு நூல்பிடித்த மாதிரி நேராகப் போனது. மின்னல் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. நாடாவின் மீது விழுந்த பழி துடைத்துப்போட்டாயிற்று. அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆமையும் கூடவே சிரித்தான்.

அப்புறம் அவள் தைத்த பின்னல் நூல் ஏறியது. பெரிய டாக்டர் காலங்காலமாக நம்பிய நூல், வெள்ளிக்கிழமை பாறை மாதிரி நின்ற நூல். பத்துப் பதினைந்து இழுப்பிலேயே கோடு சரியத் தொடங்கியது.

இரண்டாவதும் சரிந்தது. மூன்றாவதை மாட்டும்போது மின்னல் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் முடிந்தபின் எஞ்சினியர் மேடம் வெள்ளிக்கிழமைக் கோடுகளையும் ஞாயிற்றுக்கிழமைக் கோடுகளையும் ஒரே திரையில் கொண்டுவந்தார். நான்கு கற்றைகளாகப் பிரிந்திருக்க வேண்டிய கோடுகள் இரண்டே கற்றையாகத் தெரிந்தன.

"நூல் ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க மாதிரி ஒண்ணாவே போகுது" என்றார் அவர். "பிரிஞ்சு நிக்கிறது நீங்க ரெண்டு பேருதான்."

இழுக்கும்போது மேடம் எடுத்திருந்த வீடியோவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோது காரணமும் தெரிந்தது. கடைசியில் இழுத்த ஒரே இழுப்பு, முனையிலிருந்த இரண்டு மூன்று சுற்றுகளை மட்டுமே இறுக்கியிருந்தது. நடுச் சுற்றுகள் பார்வைக்கு ஒழுங்காக நின்றாலும் உள்ளே தளர்ந்திருந்தன. இழுக்க இழுக்க அந்தத் தளர்ச்சி ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தோலைத் தைக்க அந்த வேகம் போதும். தோல் யாரையும் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை.

ஆமை இயந்திரத்தின் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நாடாவுக்கு ஒரு குறையும் இல்ல. நீ சொன்னதுதான் சரி. நீ ஜெயிச்சிட்ட."

"ஜெயிச்சது நாடா. தோத்தது நான்" என்றாள் மின்னல்.

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்தது. ஓர் அப்பாவியை விடுதலை செய்யக் கங்கணம் கட்டிக்கொண்டு போய், கடைசிச் சாட்சியோடு தன்னையே கூண்டில் ஏற்றிக்கொண்டாள். ஆனால் சிரிப்பு வயிறுவரை இறங்கவில்லை. அங்கே அக்காவுக்குக் கொடுத்த வாக்கு உட்கார்ந்திருந்தது.

மீதியிருந்த மூன்று நாண்களை எடுத்து, ஆமை மாதிரியே தைத்துப் பார்த்தாள். முதல் இரண்டு சுற்று பிரமாதம். மூன்றாவதில் விரல்கள் அவளைக் கேட்காமலே வேகம் பிடித்தன. பிடித்து நிறுத்தினாள். ஐந்தாவதில் மறுபடி ஓடின. இயந்திரத்தில் மாட்டியபோது, முன்னைவிடத் தேவலை, ஆனால் ஆமையின் கற்றை இன்னும் தூரத்தில்தான் இருந்தது. ஆறு மாதம் பழகினால் வந்துவிடும், நீ கற்றுக்கொள்வதும் வேகம்தான் என்று ஆமை சொன்னான். அது உண்மைதான். வியாழக்கிழமைக்கு ஆறு மாதம் இல்லை.

இயந்திரத்தை அவளே துடைத்தாள். எஞ்சினியர் மேடம் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இன்றைக்குத்தான் பிள்ளை குளித்த மாதிரி இருக்கிறான் என்று சான்றிதழ் கொடுத்தார்.

திங்கட்கிழமை பெரிய டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் முதலில் தன்னையே நொந்துகொண்டார். நீங்கள்தான் சின்னவர்கள், நான் எப்படித் தலையாட்டினேன் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு விரலை மேசையில் தட்டினார்.

"சரி. வியாழக்கிழமை யார் தைக்கிறது?"

மின்னலுக்குத் தெரியும், நானே தைக்கிறேன், ஜாக்கிரதையாகத் தைக்கிறேன் என்று சொன்னால் அவர் சரி என்றுதான் சொல்வார். அவளுடைய தையலும் உலகத்தில் பல முட்டிகளைத் தாங்கும் தையல்தான். அந்த இரண்டு கற்றைகளையும் பார்க்காமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. பார்த்தாயிற்று.

"ஆமை தைக்கட்டும் சார்."

"எதால தைப்பே?" என்று பெரிய டாக்டர் ஆமையிடம் திரும்பினார். அவன் பின்னல் நூலின் பரம பக்தன் என்பது அவருக்குத் தெரியும்.

ஆமை வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டான். "நாடா சார். ஞாயித்துக்கிழமை பிடிச்சுப் பார்த்தேன். கைக்கு நல்லா உட்காருது."

"கட்சி மாறிட்டியா?" என்றார் பெரிய டாக்டர். ரொம்ப நாளாகக் கூட இருந்த ஆள் போனதில் அவர் முகத்தில் நிஜமாகவே ஒரு வருத்தம் இருந்தது.

அக்காவிடம் சொல்வதுதான் பாக்கி. அதைச் சொல்ல மின்னலுக்குப் புதன்கிழமைவரை ஆயிற்று. எல்லாவற்றிலும் மின்னலாக இருந்தவள் இதில் மட்டும் ஊர்ந்தாள். அக்கா நாளைக்காகப் பையைத் தயார் பண்ணிக்கொண்டிருந்தாள். தங்கை சொல்லி முடிக்கும்வரை ஒரு சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்தாள்.

"வேற யாரையும் தொட விடமாட்டேன்னு சொன்னே."

"சொன்னேன்."

"அவன் உன்னைவிட நல்லா தைப்பானா?"

"இதை மட்டும். ஆமாக்கா."

"எனக்காகச் சொல்றியா, தன்னடக்கமா?"

"எனக்கு ஏதுக்கா தன்னடக்கம்?"

அதை அக்கா உடனே ஒப்புக்கொண்டாள். சட்டையைப் பைக்குள் வைத்தாள். கொஞ்ச நேரம் பையின் ஜிப்பை இழுத்தாள், திறந்தாள், இழுத்தாள்.

"அப்ப நீ அங்க என்னதான் பண்ணுவ?"

"நாணோட மறுமுனையைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். இழுத்துப் பிடிச்சாத்தான் அவன் இறுக்க முடியும்."

"சரி, பிடிச்சுக்கோ." அக்கா பையை ஒரு பக்கமாகத் தள்ளினாள். "அந்தத் தம்பியைக் காலையில சாப்பிட்டுட்டு வரச் சொல்லு. என் கால் விஷயத்துல பசியில கை நடுங்குச்சுன்னு கதை சொல்லக் கூடாது."

மின்னல் அன்றைக்கே ஆமைக்கு அதைச் சொல்லி அனுப்பினாள். அவன் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தான். வந்ததும் முதல் காரியமாக, என்ன சாப்பிட்டான் என்பதை அக்காவின் கட்டிலுக்கே போய் விவரமாகச் சொல்லிவிட்டு வந்தான்.

அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். நெஞ்சுக்கு நேரே பச்சைத் திரை. பெரிய டாக்டர் நாணை உருவி எடுத்துக் கிண்ணத்தில் கொடுத்தார். ஓரத்து மேசையில், அக்காவுக்கு முதுகைக் காட்டியபடி மின்னல் நின்றாள். எதிரே ஆமை. வெளுப்பாய், மினுமினுவென்று, மாட்டின் நாணுக்கும் இதற்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. இதைத் தாங்கித்தான் அக்கா இனி குதிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் வித்தியாசம். மின்னல் இடுக்கியால் முனையைப் பற்றி இழுத்துப் பிடித்தாள்.

ஆமை முதல் சுற்றைப் போட்டான். ஊசியைக் கீழே வைத்தான். நாடாவை இறுக்கினான். பார்த்தான். மின்னலின் விரல்கள் இடுக்கிக்குள் துடித்தன. இந்த நேரத்துக்கு அவள் முடித்திருப்பாள். விரல்களை அடக்கி, இழுத்த இழுப்பு தளராமல் பிடித்தாள். இரண்டாவது சுற்று. மூன்றாவது. முட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பெரிய டாக்டர், ஒரு சினிமா பார்த்துவிட்டு வரலாமா என்று சிஸ்டரிடம் கேட்டார். இடைவேளைக்குள் திரும்பினால் சரி என்றார் சிஸ்டர்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது.

"இன்னும் முடியலையாடி?"

"இல்லக்கா. பாதிதான் ஆகியிருக்கு."

"நல்லது" என்றாள் அக்கா. "நடக்கட்டும்."

ஆமை அடுத்த சுற்றை இழுத்துவிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்து, திருப்தியோடு ஊசிக்குக் கை நீட்டினான். மின்னலும் குனிந்து, தலையைச் சாய்த்து, அந்தச் சுற்றைப் பார்த்தாள்.

"இரு" என்றாள். "இது இன்னும் கொஞ்சம் இறுகணும்."